கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு?

சனிக்கிழமை மாலையில் சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரக் கடைவீதிகளில் நடந்து பார்ப்போர்க்கு அன்று சம்பள நாள் என்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் சென்ற வாரத்துப் பாக்கி தீர்கிறது; இறைச்சிக் கடையில் கூட்டம் நெருக்குகிறது; வாரத் தவணை வசூலிப்போர் தெரு முனையில் காத்து நிற்கின்றனர். மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி எப்படியோ, பட்டாசுத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை அப்படி.

இவர்களுள் ஒருவரை அணுகி, "உங்கள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், உண்மையில் மூன்று விடைகள் உண்டு. பேசிய கூலி ஒன்று. பதிவேட்டில் எழுதிய கூலி இன்னொன்று. வீட்டுக்கு வந்து சேரும் தொகை மூன்றாவது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கும், அச்சக மேலாளருக்கும், வங்கி எழுத்தருக்கும் இதே நிலைதான். பெயர்கள் மட்டும் வேறு: மொத்தச் சம்பளம், பிடித்தம், நிகரச் சம்பளம். இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே அளந்து வைக்காத குடும்பம், ஆண்டு முடிவில் கடன்காரனாக நிற்கிறது. ஆகவே இவ்விதழில் அக்கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிந்தது. மழை குறைந்த கரிசல் பூமி. உழவை நம்பிப் பிழைக்க இயலாத நிலையில்தான், அ. சண்முக நாடார், ப. அய்ய நாடார் ஆகிய இருவரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றுக்கு ஒட்டும் வண்ணச் சீட்டுகளுக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று ஒரே தெருவில் வாரக் கூலி வாங்கும் வீடும், மாதச் சம்பளம் வாங்கும் வீடும், அரசுச் சம்பளம் வாங்கும் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. பல இல்லங்களில் ஒரே கூரையின்கீழ் மூன்றும் உண்டு: தாய் தீப்பெட்டி ஆபீசில், மகன் அச்சகத்தில், மருமகள் பள்ளியில்.

முதலில் வாரக் கூலியை எடுத்துக்கொள்வோம். குழாய் உருட்டுவதற்கும், திரி வைப்பதற்கும், பெட்டியில் அடைப்பதற்கும் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. ஒரு வாரம் 3,000 ரூபாய் கிடைத்தால், "மாதம் பன்னிரண்டாயிரம்" என்று வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரங்கள் அடைபட்டிருக்கும். மழை நாளில் காயப்போட இயலாது. பக்கத்து ஆலையில் விபத்து நேர்ந்தால் சோதனைகள் முடியும்வரை வேலை நிற்கும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் சரவெடிக்கும் பேரியம் உப்புக் கலந்த வெடிகளுக்கும் தடை விதித்தபோது, அவ்வாண்டுத் தீபாவளிக்குப்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இப்பகுதி மறக்கவில்லை. ஆண்டில் 40 வாரமே வேலை இருந்தது என்று வைத்துக்கொண்டால், வருமானம் 1,20,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 10,000. பன்னிரண்டாயிரம் என்று எண்ணிச் செலவு செய்த குடும்பத்துக்கு மாதம் 2,000 ரூபாய் துண்டு விழுகிறது, ஆண்டுக்கு 24,000.

அந்தத் துண்டை அடைக்க வருவதுதான் முன்பணம். திருவிழாவுக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும், மருத்துவச் செலவுக்கும் வாங்கிய முன்பணம் அடுத்த ஆண்டின் சனிக்கிழமைகளில் சிறுகச் சிறுகக் கழிகிறது. கழிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்கப்பிள்ளையின் நோட்டில் ஒரு கோடு விழுகிறது, அவ்வளவே. முன்பணம் வாங்கிய நாளையும், வாரந்தோறும் கழிந்த தொகையையும் வீட்டிலும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று தாய்மாரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டலாகாது என்பது பொது விதி. கூட்டுறவுச் சங்கக் கடன் இருப்பின் பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டம் முக்கால் பங்கு வரை அனுமதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் பாதி என்ற வரம்பை வைத்திருக்கிறது.

இனி மாதச் சம்பளம். சிவகாசி அச்சகம் ஒன்றில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் பெறும் இளைஞர் ஒருவரை உதாரணத்துக்குக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படும். ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடு, ரூபாய்க் கணக்கில் முழுமையாக்கினால் 113. கைக்கு வருவது 13,087. இதிலிருந்து அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குத் தொழில் வரி போகும். 2021-இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சியானதால், அங்குள்ளோர்க்கு அதனை வாங்குவது மாநகராட்சி. வீதம் வருமானத்தைப் பொறுத்தது. எவ்வளவு உயர்ந்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு தடுக்கிறது.

முதலாளியின் பக்கத்தையும் பார்ப்பது நியாயம். அவரும் வைப்பு நிதிக்கு 1,800 ரூபாய் செலுத்துகிறார். அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும், மிச்சம் 550 தொழிலாளியின் வைப்புக் கணக்குக்கும் செல்லும். ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு, 488 ரூபாய். ஆகச் சில்லறைக் கட்டணங்கள் நீங்கலாக அவருக்கு ஆகும் செலவு 17,288. வேலைக்கு அமர்த்தும்போது, "சம்பளம் பதினேழாயிரத்துச் சொச்சம்" என்று சிலர் இந்தத் தொகையைச் சொல்லிவிடுகின்றனர். சொன்னது 17,288; வந்தது 13,087. இடைவெளி 4,201 ரூபாய். திருமணப் பேச்சில் மாப்பிள்ளையின் சம்பளம் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் முதல் தொகையே என்பதைப் பெண்ணைப் பெற்றோர் குறித்துக்கொள்வார்களாக!

வைப்பு நிதியில் கட்டாயமாகச் சேர்வதற்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய் என்றும், ஈ.எஸ்.ஐ.க்கு 2017 ஜனவரி 1 முதல் 21,000 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டன. சம்பளத்தைப் பல படிகளாகப் பிரித்து எழுதி, அடிப்படையைச் சிறிதாக்கி, பிடித்தத்தைக் குறைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால் மிகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்று மேற்சொன்ன சட்டத் தொகுப்பு கூறுவது இதற்காகத்தான். இதனால் சிலருக்குக் கைச்சம்பளம் சற்றுக் குறையும். வைப்பு நிதி வளரும்.

"பி.எப். வேண்டாம், ஈ.எஸ்.ஐ. வேண்டாம், முழுக்கூலியையும் கையில் கொடுங்கள்" என்று தொழிலாளிகளே கேட்பதுண்டு. கேட்கக் கேட்கக் கொடுப்போர்க்கும் அதில் ஆதாயம் உண்டு. இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது பணக்கணக்கு மட்டுமன்று.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் நேர்ந்ததில் ஏறத்தாழ இருபது குடும்பங்கள் அழிந்த துயரைக் கண்டோம். இவற்றுக்கு முன்னும் பின்னும் நேர்ந்த சிறு விபத்துகள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குபவர் வேறொருவர். வேலை செய்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த நிலையில் விபத்து நேர்ந்தால், இறந்தவர் அங்கு வேலை செய்தார் என்பதை மெய்ப்பிக்கவே குடும்பம் அலைய வேண்டும்.

பெயர் பதிவேட்டில் இருந்தால் நிலை வேறு. வேலையினால் நேர்ந்த சாவுக்கு, சராசரி நாட்கூலியில் 90 விழுக்காட்டை ஈ.எஸ்.ஐ. சார்ந்தோர் உதவியாக மாதந்தோறும் கொடுக்கிறது. கைம்பெண்ணுக்கு வாழ்நாள் முழுதும், அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை, அவர் பங்கு வரும். பிள்ளைகளுக்கு 25 வயது வரை. காயம்பட்டு வேலைக்குச் செல்ல இயலாத காலத்துக்கும் கூலியில் 90 விழுக்காடு உண்டு. நோய்க்கு 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை. மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுக்கூலி. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. வைப்பு நிதியில் உறுப்பினராயிருந்து பணிக்காலத்தில் இறந்தால், தொழிலாளி ஒரு காசும் கட்டாமலே, உச்சமாக 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது; கூலியும் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் உண்மையில் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாங்குகிறார்; பதிவேட்டில் 300 என்று எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மறைத்த 200 ரூபாய்க்கு 26 நாளைக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் எவ்வளவு? 39 ரூபாய். மாதத்துக்கு அவர் மிச்சப்படுத்தியது அவ்வளவே. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், நாளொன்றுக்கு 450 ரூபாய் வரவேண்டிய குடும்பத்துக்கு 270 ரூபாயே வரும். 30 நாள் மாதத்துக்கு 5,400 ரூபாய் இழப்பு. பிள்ளைகள் வளரும்வரை, கைம்பெண்ணின் வாழ்நாள்வரை, மாதந்தோறும் இந்த இழப்பு தொடரும். முப்பத்தொன்பது ரூபாய்க்கு ஒரு கைம்பெண்ணின் அரிசியை விற்கிறோம் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே கைக்கு வருவதைக் கணக்கிடுகையில், பிடிக்கப்பட்டதை முற்றிலும் போன பணம் என்று தள்ளிவிடுவது தவறு.

ஆலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை எடுத்துச் செலவழிப்பதும் இத்தகைய இழப்பே. 2014-இல் நாடெங்கும் ஒரே எண் வழங்கும் முறை வந்தபின், பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். இடையிடையே எடுத்தோர்க்கு அந்த ஆண்டுகள் கழிந்துபோகின்றன. மேலும் ஐந்தாண்டு நிறைவதற்குமுன் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் 10 விழுக்காடு வரி பிடிப்பர். பான் எண் கொடாதவரிடம் 20 விழுக்காடு. வருமான வரிக்கும் தமக்கும் தொடர்பே இல்லையென்று எண்ணும் தொழிலாளியை வருமான வரி சந்திக்கும் இடம் இதுவே.

வருமான வரிக்கு வருவோம். 1857-ஆம் ஆண்டுப் போராட்டத்தால் காலியான கருவூலத்தை நிரப்ப, 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற ஆங்கில நிதி அலுவலர் இதனை இந்நாட்டில் புகுத்தினார். 1973-74-இல் உச்ச வீதம் கூடுதல் வரி சேர்த்து 97.75 விழுக்காடாயிருந்தது என்றால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார். இப்போதைய நிலை அத்தனை கொடிதன்று. 2025 பிப்ரவரி 1-இல் அறிவித்து 2025-26 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய முறையில், முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 விழுக்காடு. 8 முதல் 12 வரை 10. 12 முதல் 16 வரை 15. பின்னும் நான்கு நான்கு லட்சமாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காடு. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு மேற்படாதோர்க்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். இரண்டையும் சேர்த்தால், ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை வரியே இல்லை.

ஆகவே ஆலைத் தொழிலாளியும், அச்சக இளைஞரும், தனியார் பள்ளி ஆசிரியையும் அஞ்ச வேண்டியதில்லை. நெடுங்காலம் பணியாற்றிய அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர் ஆகியோரே கோட்டின் ஓரத்தில் நிற்போர். கோட்டின் ஓரம் வழுக்கும் இடம்.

ஓர் ஆசிரியை மாதம் 1,06,000 ரூபாய் பெறுகிறார். ஆண்டுக்கு 12,72,000. வரியில்லை என்று நிம்மதியாயிருக்கிறார். ஆனால் வைப்புத்தொகை வட்டி 20,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. மொத்தம் 12,92,000; நிலையான கழிவு போக 12,17,000. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போயிற்று; வீதப்படி வரி 62,550. நல்லவேளையாக, தாண்டிய தொகைக்கு மேல் வரி வாங்கலாகாது என்ற பாதுகாப்பு உண்டு. ஆதலால் 17,000 ரூபாய். நான்கு விழுக்காடு செஸ் சேர்த்து 17,680. இருபதாயிரம் ரூபாய் வட்டிக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம் வரி! ஆண்டுத் தொடக்கத்தில் வட்டியையும், ஈட்டிய விடுப்பு ஒப்படைப்புத் தொகையையும், நிலுவையையும், ஊதிய உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் இந்த அதிர்ச்சி இராது.

பழைய முறைக்குச் சென்றால் தப்பலாமே என்பர். அதே ஆசிரியை பழைய முறையில் 50,000 நிலையான கழிவும், சேமிப்புக்கு 1,50,000 கழிவும், வீட்டுக்கடன் வட்டிக்கு 2,00,000 கழிவும் முழுமையாகப் பெற்றாலும், ஏறத்தாழ 94,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். பெரும்பாலோர்க்குப் புதிய முறையே நன்று. ஆனால் வரிக்கழிவு இல்லையென்று சேமிப்பையே விட்டுவிடும் இளந்தலைமுறையைக் கண்டு நமக்குக் கவலையுண்டு. வரிக்காகச் சேமித்த தலைமுறைக்கு, விரும்பியோ விரும்பாமலோ, முதுமையில் ஒரு தொகை கையில் இருந்தது.

சம்பளத்தில் வரி பிடிக்கும் விதி எளியது. ஆண்டு வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டு, அதற்குரிய வரியை மாதங்களுக்குப் பகிர்ந்து, மாதந்தோறும் பிடிக்க வேண்டும். 17,680 ரூபாயைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 1,474 ரூபாய்க்குள் அடங்கும்; எந்தக் குடும்பமும் தாங்கும். நடப்பதோ வேறு. தை பிறந்தபின் கணக்குப் போட்டு, பிப்ரவரிச் சம்பளத்தில் ஒட்டுமொத்தமாகப் பிடிப்பது நம் பள்ளிகளில் பல்லாண்டு வழக்கம். பிப்ரவரியில் வீட்டுக்கடன் தவணை தவறிய ஆசிரியர் வீடுகள் எத்தனையோ! ஏப்ரலிலேயே அலுவலகத்தில் தம் பிற வருமானத்தையும் தெரிவித்து, மாதந்தோறும் பிடிக்கச் சொல்வது குடும்பத் தலைவர் கையிலிருக்கிறது.

நம் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகளையும் குருக்களையும் பற்றிய ஒரு செய்தியையும் இங்குச் சொல்ல வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் இவர்கள் பெறும் சம்பளம் முழுவதும் துறவற சபைக்கே சென்றுவிடுவதால், 1944-ஆம், 1977-ஆம் ஆண்டுகளின் சுற்றறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு, நெடுங்காலம் வரி பிடிக்கப்படவில்லை. 2014-க்குப்பின் வருமான வரித்துறை பிடிக்கச் சொன்னது. வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சபைகளின் பக்கம் தீர்ப்பளித்தார். 2019-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. 2024 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் அவரவர் பெயரில் வழங்கப்படுகிறது. பெற்றபின் அதனை யாருக்குக் கொடுத்தாலும் அது சம்பளமே என்பது தீர்ப்பின் சாரம். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குத் தனிச் சொத்து இல்லையே என்ற வாதத்தில் பொருளிருந்தது என்றே நாம் கருதுகிறோம். எனினும் தீர்ப்பு தீர்ப்பே. இனி மடத்தின் பொருளாளரும் ஒவ்வொரு சகோதரியின் பெயரிலும் மேற்சொன்ன கணக்கைப் போட்டாக வேண்டும். அறக்கொடைக்குரிய கழிவு புதிய முறையில் கிடையாது என்பதையும் நினைவில் வைக்கட்டும்.

பிடித்த வரி மிகுதியானால், வருமான விவரத்தைத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். படிவம் 16 என்று நெடுங்காலம் வழங்கிவரும் சான்றை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதிலுள்ள தொகையும் பான் எண்ணில் வரவாகியுள்ள தொகையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுக்கப்பட்டிருப்பதால், படிவ எண்களும் பிரிவு எண்களும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. ஈ.எஸ்.ஐ. அட்டை, வைப்பு நிதி எண், கூலிச் சீட்டு, முன்பண நோட்டு ஆகிய நான்கையும் ஒரே உறையில் இட்டு, அது எங்கிருக்கிறது என்பதை மனைவியிடமும் மூத்த பிள்ளையிடமும் சொல்லி வைப்பது நலம்.